நள்ளிரவில் வெயில் அடித்த போட்டோ! கரையான்சாவடி மனையின் குட்டு உடைந்தது எப்படி?

கரையான்சாவடி,

ஒரு டீக்கடை. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். பெஞ்சு மீது ஏறி நின்று 4 பேர் டீ குடிக்கிறார்கள். பளிச்சென்று பகல் வெளிச்சம்.

போட்டோவின் மூலையில் பதிவாகி இருக்கும் நேரம் என்ன தெரியுமா?

இரவு 1.30 மணி!

நடு ராத்திரியில் சூரியன் வருமா? வராது. ஆனால் போட்டோவில் வந்தது. அந்த போட்டோதான் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைத் தண்ணீரில் போகாமல் காப்பாற்றியது!

அது எப்படி? இதோ அந்தக் கதை. பெயர்கள் வேண்டாம். பெரியவர், மகள், பேரன் என்றே வைத்துக்கொள்வோம். இப்படி ஒரு பெரியவர் உங்கள் தெருவிலும் இருப்பார்.

49 சென்டிமீட்டர் மழை

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியை சென்னை மறக்காது. அந்த ஒரு நாள் மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து திறந்த தண்ணீர் அடையாறு ஓரம் முழுவதையும் புரட்டிப் போட்டது.

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் இருந்து அந்த ஏரி ரொம்ப தூரம் இல்லை.

மறுநாள் காலை நம்ம பெரியவர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. டிஜிட்டல் கேமராவை எடுத்தார். பிளாஸ்டிக் கவரில் சுற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி விட்டார். தெருத் தெருவாகப் போனார். மொத்தம் 143 போட்டோ!

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் திட்டினார்கள். போட்டோக்கள் ஒரு சி.டி.யில் ஏறின. சி.டி. பீரோவில் ஏறியது. அத்தோடு சரி.

"ஒரு சொட்டு நிக்காது சார்!"

பல ஆண்டுகள் ஓடி விட்டன. மகளுக்கு மனை பார்த்தார்கள். ஆவடி போகும் ரோடு பிரிகிற கரையான்சாவடியில் இப்போது தலைக்கு மேலே மெட்ரோ ரெயில் பாலம். நில விலையும் தலைக்கு மேலே!

ஒரு மனை படிந்து வந்தது. புரோக்கர் அடித்துச் சொன்னார்:-

"2015 வெள்ளத்துலயே இங்க ஒரு சொட்டு நிக்கல சார். வேணும்னா எழுதித் தரேன்."

பெரியவருக்குப் பொறி தட்டியது.

"அன்னிக்கு நான் இந்தப் பக்கம் எல்லாம் சுத்தினேனே. போட்டோ இருக்கணுமே!"

சி.டி. வெளியே வந்தது. பேரன் கம்ப்யூட்டரில் போட்டான். 143 போட்டோவும் வந்தன. ஆனால் ஒரு சிக்கல்.

"எல்லாத்துலயும் தண்ணிதான் இருக்கு தாத்தா. தெரு எங்க இருக்கு?" என்றான் பேரன்.

உண்மைதான். வெள்ளத்தில் எல்லா தெருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். போர்டு மூழ்கி விடும். கல் மறைந்து விடும். எந்தப் படம் எந்தத் தெரு?

போட்டோவுக்குள் ஒரு சீட்டு

இங்கேதான் விஞ்ஞானம் வருகிறது.

டிஜிட்டல் போட்டோ என்பது வெறும் படம் அல்ல. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டி இருக்கிறது. "எக்சிப்" என்று அதற்குப் பெயர். 1995-ல் ஜப்பானில் வகுத்த முறை. எந்த கேமரா, எத்தனை மணி, என்ன வெளிச்சம் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் எழுதப்பட்டு விடும்.

அதே சீட்டில் இன்னொரு கட்டமும் உண்டு. "இடம்" என்ற கட்டம். பூமி உருண்டையில் வடக்கே எத்தனை டிகிரி, கிழக்கே எத்தனை டிகிரி என்று 2 எண்கள் அதில் உட்காரும். கரையான்சாவடிக்கு சுமார் 13.05 வடக்கு, 80.11 கிழக்கு. இதுதான் ஊருக்கு கதவு நம்பர்!

இன்றைய செல்போனில் லொக்கேஷனை போட்டு விட்டால், படம் எடுக்கும்போதே இந்த எண்கள் தானாக விழுந்து விடும். வானத்தில் சுமார் 20 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கை கோள்களில் குறைந்தது 4 கண்ணில் பட்டால் போதும்.

2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் இதில் வேண்டுமென்றே பிழை கலந்து விட்டுக்கொண்டு இருந்தது. சுமார் 100 மீட்டர் வரை தப்பும். நம்ம ஊரில் 100 மீட்டர் என்றால் அடுத்த தெரு! அந்தப் பிழையை நிறுத்திய பிறகுதான் பொதுமக்களுக்கு யோகம் அடித்தது. இந்தியாவும் சும்மா இல்லை. 2013 முதல் இஸ்ரோ "நாவிக்" கோள்களை ஏவத் தொடங்கியது.

ஆனால் பெரியவரின் கேமரா பழைய கேமரா. அதில் இடம் என்ற கட்டம் காலி!

காலி கட்டத்தை நிரப்பலாம்

கவலை இல்லை. பிறகு உட்கார்ந்தும் அதை நிரப்பலாம். அதற்கு 2 வழி.

முதல் வழி, சுவடு வழி. கேமராவோடு ஒரு ஜி.பி.எஸ். கருவியையோ செல்போனையோ பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். சில வினாடிக்கு ஒரு தடவை "இத்தனை மணிக்கு இங்கே இருந்தான்" என்று அது எழுதிக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் அந்தச் சுவட்டையும் போட்டோ நேரத்தையும் பொருத்திப் பார்க்கும். 7.10-க்கு எடுத்த படமா? 7.10-க்கு நீ எங்கே இருந்தாய்? அங்கே ஒட்டு! அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, கை வழி. கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் வரைபடம். மறு பக்கம் போட்டோ. படத்தை இழுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் விட வேண்டும். "டிஜிகேம்", "ஜியோசெட்டர்" போன்ற புரோகிராம்கள் இதைச் செய்கின்றன. இரண்டும் காசு இல்லாமல் கிடைப்பவை.

பெரியவரிடம் சுவடு இல்லை. எனவே கை வழிதான் கதி.

லண்டன் கேமரா

பேரன் முதலில் போட்டோக்களை நேர வரிசைப்படி அடுக்கினான். அப்போதுதான் அந்த டீக்கடை படம் கண்ணில் பட்டது.

"தாத்தா! ராத்திரி ஒன்றரை மணிக்கு வெயில் அடிக்குது பாருங்க!"

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். டீக்கடை சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. அதில் மணி 7.

7 எங்கே? 1.30 எங்கே? வித்தியாசம் 5½ மணி நேரம்!

பெரியவர் சிரித்து விட்டார்.

"டேய் கண்ணு, அது உங்க மாமா கிறிஸ்துமஸ் லீவுல லண்டன்ல இருந்து வாங்கிட்டு வந்த கேமரா. அவன் வச்ச டயத்தை நான் மாத்தவே இல்லை!"

அவ்வளவுதான் மர்மம். குளிர்காலத்தில் லண்டன் நேரத்துக்கும் நம்ம நேரத்துக்கும் சரியாக 5½ மணி நேரம் வித்தியாசம். கேமரா உடம்பு கரையான்சாவடியில். மனசு லண்டனில்!

அந்த ஒரு சுவர் கடிகாரம் 143 படத்தையும் திருத்தி விட்டது. எல்லாவற்றோடும் 5½ மணியைக் கூட்டு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டான் பேரன். ஒரே நொடியில் முடிந்தது. டிசம்பர் 1-ந் தேதி இரவு என்று கிடந்த சில படங்கள் 2-ந் தேதி அதிகாலைக்கு வந்து சேர்ந்தன.

சுவடு வழியில் போகிறவர்களும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஜி.பி.எஸ். கருவிகள் சுவட்டை உலக நேரத்தில் எழுதும். கேமரா இந்திய நேரத்தில் எழுதும். 5½ மணியைச் சரி செய்ய மறந்தால், மதியம் மாங்காட்டில் எடுத்த படம் சாயங்காலம் நீங்கள் இருந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேமரா கடிகாரம் 1 நிமிஷம் தப்பினாலும் வம்புதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் 1 நிமிஷத்தில் சுமார் 670 மீட்டர் ஓடி விடும்.

தப்பிக்க வழி? படம் எடுக்கப் புறப்படும் முன் செல்போனில் தெரியும் மணியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்குப் பார்க்க அது போதும்.

தாத்தா நடந்த பாதை

நேரம் சரியானது. இனி இடம்.

"சந்தேகமே இல்லாத படம் எது எதுன்னு சொல்லுங்க தாத்தா" என்றான் பேரன்.

பெரியவர் பார்த்துக்கொண்டே வந்தார். "இது முனை... இது நம்ம டீக்கடை... இது தண்ணி டாங்கி... இது கோவில் வளைவு."

அந்த இடங்களில் முதலில் முளை அடித்தான் பேரன். டீக்கடை 7 மணி. தண்ணீர் டாங்கி 7.20. அப்படியானால் இடையில் எடுத்த படம் எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தானே இருக்க வேண்டும்? முழங்கால் தண்ணீரில் பெரியவர் பறந்தா போயிருப்பார்?

இப்படியே கோர்த்துக்கொண்டு வந்தார்கள். வரைபடத்தில் தாத்தா நடந்த பாதை மெல்ல மெல்ல உயிர் பெற்றது. சில படத்துக்கு பெரியவர் வெகு நேரம் யோசித்தார். "இந்த வீட்டு அம்மா எனக்கு சுடுதண்ணி கொடுத்தாங்க..." என்று சொன்னவர், உடனே தெருவைச் சொல்லி விட்டார்!

கம்ப்யூட்டர் "எங்கே?" என்றுதான் கேட்கும். பதில் பெரியவரிடம்தான் இருந்தது.

7.14-ல் எடுத்த படம்

7 மணி 14 நிமிஷம். ஒரு காலி மனை. சுற்றிலும் ஹாலோ பிளாக் சுவர். பின்னால் 2 தென்னை மரம். ஒரு நீல நிற வீடு.

"இது... அந்த மனையாடா?" என்றார் பெரியவர். குரல் மாறி விட்டது.

இன்று அங்கே தென்னையும் இல்லை, நீல வீடும் இல்லை. எப்படி உறுதி செய்வது?

"கூகுள் எர்த் புரோ" என்ற புரோகிராமில் ஒரு வசதி உண்டு. பழைய ஆண்டுகளில் வானத்தில் இருந்து எடுத்த படங்களையும் தேதிவாரியாகத் திருப்பிப் பார்க்கலாம். பேரன் வருஷத்தைப் பின்னால் தள்ளினான். மெட்ரோ மறைந்தது. புதுக் கட்டிடங்கள் மறைந்தன. 2 தென்னை மரங்கள் நட்சத்திரம் மாதிரி தலையை விரித்துக்கொண்டு தெரிந்தன!

ஆனால் அங்கேயும் ஒரு கண்டம் இருந்தது. பேரன் முளை அடித்தது தெருவின் எதிர் பக்கத்தில். அப்படியே விட்டிருந்தால் எதிர் மனைக்குப் பழி போயிருக்கும்!

இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். போட்டோவில் ஒட்டும் இடம், படம் எடுத்தவர் நின்ற இடம். படத்தில் தெரியும் பொருள் இருக்கும் இடம் அல்ல. பரங்கிமலையை கிண்டியில் நின்று எடுத்தால், எண் கிண்டியைத்தான் சொல்லும்.

"நான் இந்த ஓரமா நின்னு அந்தப் பக்கம் பார்த்து எடுத்தேன்" என்றார் பெரியவர். தென்னையின் நிழலும் அதையே சொன்னது.

3 வரி மூழ்கி இருந்தது!

இப்போது படத்தைப் பெரிதாக்கினார்கள். சுவரில் ஹாலோ பிளாக் வரிகளை எண்ணினார்கள். தெருவில் தண்ணீர் இல்லாத நாளில் நேரில் போய் மறுபடி எண்ணினார்கள். பழைய சுவரில் ஒரு பக்கம் இன்னும் மிச்சம் இருந்தது.

படத்தில் 3 வரி குறைந்தது. ஒரு வரி 8 அங்குலம்.

2 அடி தண்ணீர்!

"ஒரு சொட்டு நிக்காது" என்ற மனையில் 2 அடி!

சங்கிலி பிடித்த வெள்ளைக்காரர்

இடத்தை எண்ணால் சொல்லும் இந்த வித்தை நம்ம பகுதிக்குப் புதிது அல்ல. 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டினார். ஏழரை மைல் நீளத்துக்கு அங்குலம் அங்குலமாக அளந்தார். இந்தியாவையே அளந்து முடித்த மாபெரும் சர்வேக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அன்று சங்கிலி, கூடாரம், கூலியாட்கள் என்று படையே வேண்டி இருந்தது. இன்று பாக்கெட்டில் இருக்கும் செல்போன் போதும்!

2015 வெள்ளத்தின்போதே இது உதவியது. அருண் கணேஷ் உள்ளிட்ட வரைபட ஆர்வலர்கள் "ஓபன் ஸ்ட்ரீட் மேப்" என்ற பொது வரைபடத்தை வைத்து ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைப் பொதுமக்களே தொட்டுக் காட்டினார்கள். இடம் தெரிந்தால்தானே உதவி வரும்?

எண் மாறினால் வட துருவம்!

எண்ணை கையால் அடிக்கிறவர்கள் ஜாக்கிரதை. 13-ஐயும் 80-ஐயும் இடம் மாற்றிப் போட்டால் உங்கள் கரையான்சாவடி வீடு ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டி ஆர்க்டிக் கடலில் மிதக்கும். கிழக்குக்குப் பதில் மேற்கு என்று போட்டால் கரீபியன் கடல்! ஒன்றுமே கிடைக்காமல் 2 எண்ணும் சைபர் ஆனால் ஆப்பிரிக்கா ஓரம் கினி வளைகுடா.

தசமப் புள்ளிக்கு அப்பால் எத்தனை எண் என்பதும் முக்கியம். 2 எண் என்றால் சுமார் 1 கிலோமீட்டர். 4 எண் என்றால் சுமார் 11 மீட்டர். மனை கண்டுபிடிக்க 5 எண் வேண்டும். அப்போதும் மெட்ரோ பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டிடங்களுக்கு நடுவிலும் சிக்னல் மோதித் திரும்பும். முளை சில மீட்டர் நகர்ந்து விடும்.

கூலிக்கும் இதுதான்

இது பொழுதுபோக்கு விஷயம் என்று நினைக்காதீர்கள். ஏழை வயிற்றிலும் கை வைத்த விஷயம் இது.

100 நாள் வேலையில் இடத்தோடு கூடிய போட்டோ வருகைப்பதிவு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம் ஆனது. ஒரு நாளைக்கு 2 தடவை படம். சிக்னல் கிடைக்காமல் கூலி போகிறது என்று தொழிலாளர்கள் 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டமே நடத்தினார்கள்.

மறு பக்கம் மோசடியும் நடந்தது. சம்பந்தம் இல்லாத படங்கள், போட்டோவையே போட்டோ எடுத்து அனுப்புவது என்று பல தில்லுமுல்லுகளை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் பட்டியல் போட்டு மாநிலங்களுக்கு எழுதியது.

பிரதம மந்திரி வீடு கட்டும் திட்டத்திலும் வீடு எழும்பும் ஒவ்வொரு கட்டத்திலும் இடம் ஒட்டிய போட்டோ ஏறினால்தான் அடுத்த தவணைப் பணம் நகரும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பேரன் இடத்தை ஒட்டினான் அல்லவா? அதே போல் யாரும் எந்த இடத்தையும் ஒட்டலாம். சீட்டில் எழுதி இருப்பதால் மட்டும் அது சத்தியம் ஆகி விடாது. சுவர் கடிகாரம், தென்னை மரம், ஹாலோ பிளாக் மாதிரி படத்துக்குள் இருக்கும் சாட்சிதான் கெட்டி.

காட்டிக் கொடுத்த போட்டோ

இடச் சீட்டு ஆளையும் காட்டிக் கொடுக்கும். அமெரிக்காவின் கம்ப்யூட்டர் வைரஸ் ஒழிப்பு மன்னன் ஜான் மெக்காபி 2012-ல் போலீசுக்கு டிமிக்கி கொடுத்து ஓடிக்கொண்டு இருந்தார். ஒரு பத்திரிகை அவரோடு எடுத்த போட்டோவை டிசம்பர் 3-ந் தேதி வெளியிட்டது. அந்தப் படத்துக்குள் இருந்த எண்கள் கவுதமாலா நாடு என்று போட்டு உடைத்தன! சில நாளில் அவர் பிடிபட்டார்.

நம்ம வீட்டில் ஓடி ஒளிகிறவர் யாரும் இல்லை. ஆனால் குழந்தை இருக்கிறது. நகை இருக்கிறது. வீட்டில் எடுத்த படத்தை இ-மெயிலில் அனுப்பினால் சீட்டும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் சீட்டு கழன்று விடும். அதையே "டாக்குமெண்ட்" என்று அனுப்பினால் கழலாது. படத்தின் மேலேயே முகவரி அச்சடிக்கும் கேமரா ஆப் என்றால் எப்படி அனுப்பினாலும் போகாது.

புகாருக்கு எடுக்கும் சாக்கடைப் படத்தில் இடம் இருக்கட்டும். பேத்தி பிறந்த நாள் படத்தில் வேண்டாம். கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை நிறுத்தி விடலாம்.

புரோக்கர் வந்தார்

மறுநாள் புரோக்கர் அட்வான்ஸ் வாங்க வந்தார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. 7.14 படத்தைக் காட்டினார். வரைபடத்தைக் காட்டினார். தென்னை மரத்தைக் காட்டினார்.

புரோக்கர் தொண்டையைக் கனைத்தார். "இது... வேற எங்கயாவது இருக்கும் சார்..."

"இருக்கலாம்பா. ஆனா அன்னிக்கு தண்ணியில நின்னது நான்தானே?" என்றார் பெரியவர்.

புரோக்கர் டீ கூட குடிக்கவில்லை!

"அப்பா, அந்த மனை வேணாம்" என்றாள் மகள். அட்வான்ஸ் பணம் பீரோவுக்குத் திரும்பியது. சி.டி. மட்டும் பீரோவுக்குத் திரும்பவில்லை. மீதிப் படங்களுக்கும் இடம் எழுதும் வேலை நடக்கிறது. தினமும் சாயங்காலம் தாத்தா சொல்கிறார், பேரன் ஒட்டுகிறான்.

உங்கள் வீட்டிலும் ஒரு சி.டி. இருக்கும். அதில் எந்தத் தெருவோ, எந்தத் தண்ணீரோ! கம்ப்யூட்டர் எத்தனை வருஷம் கழித்தும் காத்திருக்கும்.

"இது எந்த இடம்?" என்று கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர் காத்திருப்பாரா? இன்றைக்கே கேட்டு விடுங்கள்!